அறுபத்து நான்கு ஜெபக் கடிதங்கள்

ஹார்ட்லி கிரீக், மிசௌரி
9 செப்டம்பர் 1996

அன்புள்ள ரோவெனா அக்காவுக்கு,

மார்லிஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் டெல்மரின் முதுகு மட்டும் வைக்கோல் கட்டு தூக்கிய நாளிலிருந்து மக்கர் பண்ணுகிறது. உனக்குக் காய்ச்சல் விட்டதா? பொய் சொல்லாமல் எழுது.

விஷயம் இதுதான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஏழு குடும்பங்களும் வியாழக்கிழமை தோறும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடுகிறோம் அல்லவா, அங்கே சரித்திரம் எடுத்துக்கொண்டிருந்த பெர்னடீனுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்துவிட்டது. "யாராவது எடுத்துத்தானே ஆகணும்" என்று வாயைக் கொடுத்தேன், மாட்டிக்கொண்டேன். நவீன உலக சரித்திரம், ஒன்பது பிள்ளைகள், எல்லாம் பதினைந்து பதினாறு வயது. நம் திர்சாவும் அதில் ஒருத்தி. அம்மாவிடம் பாடம் கேட்க அவளுக்கு வெட்கமாக இருக்கிறதாம், கடைசி நாற்காலியில் உட்காருகிறாள்.

நம் பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாட முடிவிலும் ஒரு கட்டம் இருக்கிறது. 'இந்த நிகழ்ச்சியில் ஆண்டவரின் கையை எங்கே காண்கிறாய்?' என்று கேட்டு நான்கு வரி இடம் விட்டிருப்பார்கள். முதல் உலகப் போர் வந்ததும் யூபால் என்கிற பையன் பேனாவை மூடிவிட்டான். "ரெண்டு பக்கமும் ஒரே ஆண்டவர்கிட்டதான ஜெபம் பண்ணாங்க? அவர் யாருக்கு ஆமென் சொல்லியிருப்பார்?" என்றான். "எனக்கும் தெரியலப்பா. எழுதி வை, அங்க போய்க் கேட்டுக்கலாம்" என்றேன்.

உன்னிடம் ஓர் உதவி. லாவோஸில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் ஜனங்கள் உன் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடிவந்த கதையை எங்கள் வகுப்புக்கு எழுது. எங்கள் புத்தகத்தில் அது ஒன்றரை வரிதான்.

ஊர்ச் செய்தி: பெரு நாட்டில் ஊழியம் செய்கிற நம் கிளெனிஸ் அங்கே ஒரு பள்ளி வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாளாம். நம் சபை விதி தெரியுமே, கன்னியாக அனுப்பப்பட்டவள் அந்த ஊர்க்காரரை மணந்தால் ஊழியம் முடிந்தது. அதே வாரம் பணம் நிறுத்தினார்கள், சர்ச் கூடத்திலிருந்து அவள் படத்தையும் கழற்றிவிட்டார்கள். இந்த வயதில் அவளுக்கு என்ன வந்தது என்று சமையலறையில் பேசிச் சிரித்தோம். உன் படம் பத்திரமாக இருக்கிறது.

முத்தங்களுடன்,
மார்லிஸ்

மேகோங் ஆற்றங்கரை, வட தாய்லாந்து
14 அக்டோபர் 1996

அன்புத் தங்கச்சி மார்லிஸுக்கு,

சமாதானம் உண்டாகட்டும். காய்ச்சல் போய்விட்டது, இருமல் மட்டும் வாடகைக்குக் குடியிருக்கிறது. விடுதிப் பெண்கள் பதினாலு பேரும் நலம். மழை நின்றது, கூரை ஒழுகுவது நிற்கவில்லை, பிரசோங் ஏறி ஓடு மாற்றினார். டெல்மரை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

நான் இங்கே வந்தது எழுபத்தொன்பதில். அதற்கு நான்கு வருஷம் முன் நடந்ததை நான் பார்க்கவில்லை. பிரசோங் பார்த்திருக்கிறார், படகும் ஓட்டியிருக்கிறார். அவரைக் கேட்டு எழுதுகிறேன்.

விடியற்காலை மூடுபனியில், சத்தம் வரக்கூடாதென்று எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டுத்தான் அக்கரைக்குப் போவார்களாம். ஒரு நாள் ஆறு பேர் ஏற வேண்டிய படகில் பதினோரு பேர். ஒரு அம்மா மடியில் தையல் மிஷின் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது. "அம்மா, அதைத் தூக்கிப் போடுங்க" என்று இவர் கெஞ்சியிருக்கிறார். "இதைப் போட்டா நானும் பின்னாடியே குதிப்பேன்" என்றாராம் அந்த அம்மா. கடைசியில் இவர் தன் வலையையும் எண்ணெய் டின்னையும் ஆற்றில் விட்டிருக்கிறார். அடுத்த மாதம் அந்த அம்மா இவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "பரவாயில்லை, வெயில்ல எனக்கு ஒரு கைதான் கறுத்துப்போச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

உன் கட்டத்துக் கேள்வியையும் கேட்டேன். "என் கை துடுப்புல இருந்துச்சு டீச்சர். அவர் கை எங்க இருந்துச்சுன்னு திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை" என்றார்.

மிசௌரியில் இந்த வருஷம் பீன்ஸ் நன்றாகக் காய்த்ததா என்று கேட்கச் சொன்னார். எல்லோருக்கும் என் அன்பு.

ரோவெனா

ஹார்ட்லி கிரீக்
4 நவம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறோம். வெந்நீர் ஒத்தடம் வேலை செய்கிறது, டெல்மர் மான் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார். பீன்ஸைப் பதப்படுத்தி நாற்பது பாட்டிலில் அடைத்தேன் என்று பிரசோங்கிடம் சொல்.

உன் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். துடுப்புப் பதிலை யூபால் அந்த நான்கு வரியில் எழுதிக்கொண்டான். பேனாவை மூடியதற்குப் பிறகு அவன் நிரப்பிய ஒரே கட்டம் அதுதான்.

இப்போது ஒவ்வொரு பழைய காகிதத்துக்கும் நான்கு கேள்வி கேட்கப் பழக்குகிறேன். யார் எழுதியது, யாருக்கு, எதற்காக, எதைச் சொல்லாமல் விட்டார்? யூபாலின் அப்பா ஹார்வி கோபமாக வந்தார். "இப்படியே கேட்டுக்கிட்டுப் போனா நாளைக்கு வேதத்தையும் கேட்பாங்களே" என்றார். "கேட்கட்டும் ஹார்வி. கண்ணால பார்த்தவங்களை விசாரிச்சுத்தான் எழுதுறேன்னு சுவிசேஷக்காரரே முதல்லயே சொல்லிடுறாரே, அவர் பயப்படலையே" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார், ஆனால் பையனை நிறுத்தவில்லை.

நல்ல செய்தி கேள். பயிற்சிக்குப் பழைய காகிதம் தேடியபோது சர்ச் அலமாரியில் நீ சபைக்கு அனுப்பிய ஜெபக் கடிதங்கள் எல்லாம் இருந்தன. பதினெட்டு வருஷம், அறுபத்து நான்கு கடிதம். ஒரு மிஷனரியின் கடிதத்தைவிட ஆபத்தில்லாத காகிதம் உலகத்தில் உண்டா? பிள்ளைகளிடம் அப்படியே கொடுத்துவிட்டேன்.

கிளெனிஸைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே. நீங்கள் இருவரும் சேர்ந்துதானே ஊழியப் பயிற்சிக்குப் போனீர்கள்.

மார்லிஸ்

மேகோங் ஆற்றங்கரை
25 நவம்பர் 1996

மார்லிஸ்,

நலம். நீங்களும் நலம்தானே.

அந்தக் கடிதங்களைத் திரும்ப வாங்கி அலமாரியில் வை. அதில் ஒன்றும் இல்லை. கூரை, மழை, காய்ச்சல், பெண்களின் பரீட்சை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். டெல்மர் வீட்டுப் பரணில் உள்நாட்டுப் போர்க்காலக் கடிதங்கள் இருக்குமே, அதைக் கொடு. போர்வீரன் கடிதம் என்றால் பையன்களுக்குப் பிடிக்கும்.

இதை இன்றைக்கே தபாலில் போட வேண்டும், பிரசோங் படகோடு காத்திருக்கிறார்.

அன்புடன்,
ரோவெனா

ஹார்ட்லி கிரீக்
5 டிசம்பர் 1996

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

திர்சா எழுதுகிறேன். நாங்கள் அனைவரும் சுகம், உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். உங்கள் கடிதங்களை வாசித்து முடித்துவிட்டோம். வகுப்பின் அறிக்கையை உங்களுக்கு அனுப்ப என்னைத் தேர்ந்தெடுத்தார்கள், நான் உறவுக்காரி என்பதால் நீங்கள் கோபப்பட மாட்டீர்களாம்.

யார் எழுதியது: நீங்கள். யாருக்கு: எங்கள் சபைக்கு. எதற்காக: நாங்கள் ஜெபிக்கவும் பணம் அனுப்பவும். மூன்றுக்கும் பத்துக்குப் பத்து.

நான்காவது கேள்விக்கு யூபால் ஒரு பெரிய அட்டவணை போட்டிருக்கிறான். 1990 வரை 'ஒரு படகோட்டி'. 1991-இல் 'படகோட்டி திரு. பிரசோங்'. 1992-இல் 'திரு. பிரசோங்'. 1993 முதல் வெறும் 'பிரசோங்'. அந்த வருஷத்திலிருந்து கூரை பதினேழு தடவை ஒழுகியிருக்கிறது. அதற்கு முந்தைய பதினாலு வருஷத்தில் இரண்டே தடவை. "ஒண்ணு கூரை ரொம்ப மோசம், இல்ல ரிப்பேர் பண்றவர் ரொம்ப நல்லவர்" என்று எங்கள் வகுப்பில் கெசையா சொன்னாள்.

மொத்தக் கணக்கில் இயேசு தொண்ணூற்றேழு தடவை, பிரசோங் நூற்றுப்பன்னிரண்டு தடவை. யூபால் இரண்டு முறை எண்ணிப் பார்த்தான்.

சொல்லாமல் விட்டது என்ன என்று ஒன்பது பேரும் தனித்தனியாக எழுதினோம். ஒன்பது விடையும் ஒன்றுதான். அம்மா மட்டும், "என்ன விட்டிருக்கா? எல்லாத்தையும்தான் எழுதியிருக்காளே" என்று கேட்டார்கள். நாங்கள் சொல்லவில்லை. எங்கள் விடை தப்பு என்றால் சொல்லிவிடுங்கள், பத்து மதிப்பெண் போகும். சரி என்றால், பெரியம்மா, எங்களுக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கிறது.

பாசமுள்ள,
திர்சா

ஹார்ட்லி கிரீக்
10 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

அலமாரியில் வைக்கச் சொன்ன உன் கடிதம் வருவதற்குள் பிள்ளைகள் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தார்கள். அதோடு சரி, இரண்டரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட இல்லை. காய்ச்சலோ, ஆற்றில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாஸ்டர் லின்வுட் தாய்லாந்துக்கு போன் போட்டு விசாரித்தார், நீ நன்றாக இருக்கிறாய் என்றார்கள். அப்படியானால் ஏன் எழுதவில்லை?

நேற்றுப் பாத்திரம் துலக்கும்போது திர்சாவிடம், "நீ என்னடி எழுதினே பெரியம்மாவுக்கு?" என்று கேட்டேன். அட்டவணையைச் சொன்னாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. "அம்மா, கூரை பதினேழு தடவை" என்றாள். கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது.

அக்கா, நான் அழுதேன். நீ ஒருவரை நேசிப்பதற்காக இல்லை. எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கக்கூடாதா என்றுதான். உன் தலைமுடியைப் பின்னிவிட்டவள் நான். இரவெல்லாம் கோபமாகப் படுத்திருந்தேன். காலையில்தான் செப்டம்பரில் நான் எழுதியது ஞாபகம் வந்தது. கிளெனிஸைப் பற்றி எப்படிச் சிரித்துச் சிரித்து எழுதினேன். உன் வாயை நானே என் கையால் பொத்தியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு உட்கார்ந்து எனக்குத் தையல் மிஷின் கதை எழுதியிருக்கிறாய்.

நான்கு கேள்வியை ஒன்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், சொந்த அக்காவின் கடிதத்திடம் ஒன்றுகூட நான் கேட்கவில்லை. என்னை மன்னித்துக்கொள். எழுது.

உன் மார்லிஸ்

மேகோங் ஆற்றங்கரை
3 மார்ச் 1997

என் அன்புத் தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னை அழவைத்ததற்கு நீதான் என்னை மன்னிக்க வேண்டும். வகுப்பிடம் சொல், பத்துக்குப் பத்து.

அவர் மனைவி இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, மகள் கல்யாணமாகி பாங்காக்கில் இருக்கிறாள். நான்கு வருஷத்துக்கு முன் படகுத்துறையில், மீன் கூடையைக் கீழேகூட வைக்காமல், "டீச்சர், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். ஜெபம் பண்ணிச் சொல்கிறேன் என்றேன். இன்னும் ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பதாகத்தான் சொல்லி வருகிறேன். போன வருஷம் ஒரு நாள், "ஆண்டவர் எப்பவோ பதில் போட்டிருப்பாரு. நீங்கதான் உறையைப் பிரிக்க மாட்டேங்கறீங்க" என்றார். அதற்கப்புறம் கேட்கவில்லை. கூரைக்கு மட்டும் வந்துபோகிறார்.

எனக்கு ஆசை இல்லையென்று நினைக்காதே. நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷன் படகு கட்டும் சத்தத்துக்கு நான் ஜன்னலுக்கு ஓடுகிறேன். ஆனால் இந்த விடுதி நம் சபைப் பணத்தில் நிற்கிறது. விதி என் மேல் விழுந்தால் பதினாலு பெண்களும் மலையிலிருக்கும் தங்கள் ஊர்களுக்குத் திரும்ப வேண்டும். படிப்பு முடிந்தது என்று அர்த்தம். என் சந்தோஷத்துக்கு அவர்களை எப்படி விலையாகக் கொடுப்பேன்?

அதனால் யாரிடமும் மூச்சு விடாதே. படித்ததும் இதை எரித்துவிடு.

ரோவெனா

ஹார்ட்லி கிரீக்
25 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உட்கார்ந்துகொள். எல்லோரும் நலம். உன் கடிதத்தை அடுப்பில் போட்டு எரித்தேன், சாம்பலைக்கூடக் கிளறினேன். ஆனால் யூபாலின் அட்டவணையை மறந்துபோனேன்.

நேற்று எங்கள் வருஷ முடிவுச் சரித்திர விழா. பிள்ளைகள் வருஷ வேலையெல்லாம் கூடத்தில் மாட்டுவார்கள், சபை முழுவதும் வந்து பார்க்கும், பிறகு சுடச்சுட ஆப்பிள் பை பலகாரம் சாப்பிடும். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் நடுச்சுவரில், மிஷனரிப் படங்களுக்குக் கீழேயே, நான்கடி நீளத்துக்கு 'இயேசு 97, பிரசோங் 112' என்று சிவப்பு மையில் தொங்குகிறது. எதிரே கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மிஸஸ் ஒராலீ நிற்கிறார். முப்பத்தொன்பது வருஷமாக மிஷனரிக் கமிட்டித் தலைவி. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அவர் கடைசி வரி வரை படித்தார். "பசங்களா, ரொம்ப லேட். நான் தொண்ணூத்திரண்டுலயே கண்டுபிடிச்சுட்டேன்" என்றார்.

"அப்போ ஏன் சொல்லலை?" என்று திர்சா கேட்டாள்.

"சொன்னா விதிப்படி பணத்தை நிறுத்தணும். விதியை எழுதினதே நான்தான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிறுத்தாம இருப்பேன்?"

யூபால் விடவில்லை. நான்கு கேள்வி பழகின வாய் அல்லவா. "எதுக்காக எழுதினீங்க, மேடம்?"

"அம்பத்தெட்டுல எழுதினோம். நம்ம பொண்ணுங்க அங்கேயே தங்கிடுவாங்களோன்னு பயம்."

"தங்கத்தானே அனுப்புறோம்?" என்றான்.

மிஸஸ் ஒராலீ நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "கிளெனிஸ் எனக்கு ஏழு பக்கம் எழுதியிருந்தா. நான் பதில் போடலை" என்றார். பிறகு எழுந்து பாஸ்டரிடம், "இப்பவே கூட்டம் போடுங்க, பை ஆறினா ஆறட்டும்" என்றார். விதியை எடுத்துவிட்டார்கள். மூன்று பேர் எதிர்த்தார்கள், அதில் ஹார்வியும் ஒருவர். எதிர்த்துக் கை தூக்கிவிட்டு, நேரே என்னிடம் வந்து, "கல்யாணம் எப்போ?" என்று கேட்கிறார்.

விடுதிப் பணம் அப்படியே வரும். பெண்கள் படிக்கலாம். இனி அவருக்கு என்ன பதில் சொல்வது என்பது உன் பாடு. தந்தி அடிக்கலாமா என்று பார்த்தேன், டெல்மர் சொன்னார், இவ்வளவு நாள் கடிதத்தில் ஒளித்தது கடிதத்திலேயே முடியட்டும் என்று.

சந்தோஷத்தில் எழுத்து கோணுகிறது,
மார்லிஸ்

மேகோங் ஆற்றங்கரை
27 ஏப்ரல் 1997

அன்புத் தங்கச்சி மார்லிஸுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த மாதம் உன் கடிதம் ஒன்றும் வரவில்லை, அங்கே என்ன நிலவரமோ தெரியாது. இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு அனுப்ப வேண்டிய ஜெபக் கடிதத்தை இழுத்தடித்துக்கொண்டே இருந்தேன். போன வியாழக்கிழமைதான் உட்கார்ந்தேன். அறுபத்தைந்தாவது. மூன்றாம் வரியிலேயே 'பிரசோங் கூரையை' என்று பேனா தானாக எழுதியது. திர்சாவின் அறிக்கை மனசில் வந்தது. கிழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி கூரை. நான்கு தாள் கிழித்தேன். ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக் கண்டுபிடிக்கிற பொய்யை நான் இன்னும் எத்தனை தாளில் எழுதுவது?

விடுதியில் மூத்தவளான நுவான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், பணம் நின்றால் என்ன ஆகும் என்பதையும். மற்றவர்களை அழைத்து வந்தாள். பதினாலு பேரும் கூடிப் பேசினார்கள். "டீச்சர், எங்களைக் காரணம் காட்டித்தான் நாலு வருஷமா அவரைக் காக்க வச்சீங்களா? எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் நுவான். எனக்கு உறைத்தது.

தகிக்கிற வெயிலில் துறைக்கு நடந்தேன். அவர் கவிழ்த்த படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. முகத்தைப் பார்த்தால் எனக்குத் தைரியம் போய்விடும், அதனால் காலிடமே சொன்னேன். "பண்ணிக்கலாம். எங்க சபை பணத்தை நிறுத்தினாலும் பண்ணிக்கலாம்."

"கொஞ்சம் இருங்க டீச்சர், இந்த ஆணியை அடிச்சுட்டு வர்றேன்" என்றது உள்ளிருந்து குரல்.

நின்றேன். சுத்தியல் சத்தம் கேட்கவே இல்லை. வெகுநேரம் கேட்கவில்லை. பிறகு முகமெல்லாம் தாரோடு வெளியே வந்தார், தாரில் இரண்டு கோடு மட்டும் கழுவியிருந்தது. விடுதியைப் பற்றிச் சொன்னேன். "பதினாலு பொண்ணுங்க. என் வீடு பெரிசு, ஆத்துல மீன் இருக்கு. ஒருத்தியும் மலைக்குப் போக வேண்டாம்" என்றார். எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனாலும் நாங்கள் இருவரும் ஈரமணலில் உட்கார்ந்து பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம். கல்யாணம் ஜூன் முதல் சனிக்கிழமை.

சபைக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பாஸ்டர் லின்வுட்டிடம் கொடு, ஞாயிறு ஆராதனையில் ஒரு வார்த்தை விடாமல் வாசிக்கட்டும். ஆறு வரிதான். நான் அவரை மணக்கப்போகிறேன், அனுமதி கேட்டு எழுதவில்லை, தெரிவிக்க எழுதுகிறேன், இத்தனை வருஷம் என்னைத் தாங்கியதற்கு நன்றி. அவ்வளவுதான். வழக்கமாகக் கடைசியில் ஜெபக் குறிப்பு என்று போட்டு ஏழெட்டுத் தேவைகளை வரிசையாக எழுதுவேன். இந்தத் தடவையும் 'ஜெபக் குறிப்பு' என்று தலைப்புப் போட்டேன். வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன். எழுத ஒன்றும் இல்லை, மார்லிஸ். அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ரோவெனா